கூட்டல் குறி விழுந்த கைக்கட்டுத் துணி

போன மாதம் எங்கள் தையற்கூடத்துப் பெண்களின் வாட்சப் குழுவில் ஸ்டெல்லா ஒரு கேள்வி போட்டிருந்தாள். "தனம் அக்கா, மைட்டர்ல பின்னாடி தொங்குற ரெண்டு நாடாவையும் விட்டுட்டுத் தச்சா என்ன? ஒரு பார்ட்டி சிம்பிளா வேணும்னு கேக்கறாங்க. சும்மா அழகுக்குத்தானே அது?"

சும்மா அழகுக்காம்! படித்தபோது அடுப்பில் தோசை இருந்தது. அது கருகியதுதான் மிச்சம். ரிடையர் ஆகி இரண்டு வருடம்தான் ஆகிறது, அதற்குள் நாடாவுக்கே வேட்டு வைக்கக் கிளம்பிவிட்டார்கள். போனில் இரண்டு வரியில் திட்டினேன். மனசு ஆறவில்லை. அதனால் விவரமாக எழுதுகிறேன். ஸ்டெல்லாவும் படிக்கட்டும், மற்றவர்களும் படிக்கட்டும்.

மைட்டர் என்றால் தெரியாதவர்களுக்கு: கிறிஸ்தவ ஆயர்கள், அதாவது பிஷப்புகள், பூசையில் தலையில் வைக்கிற உயரமான தொப்பி. முன்னால் ஒரு கூர், பின்னால் ஒரு கூர். பின்பக்க விளிம்பிலிருந்து முதுகு வரை இரண்டு நாடாக்கள் தொங்கும். தாம்பரத்தில் ஒரு கன்னியர் மடத்தின் பின்கட்டில் இருக்கும் தையற்கூடத்தில் முப்பத்து நான்கு வருடம் நான் தைத்தது அதைத்தான். பூசை உடுப்புகளும் தைப்போம். ஆனால் மைட்டர் என்றால் என்னிடம்தான் வரும். பெருமையாகவே சொல்கிறேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

நான் மாடம்பாக்கத்துக்காரி. அப்பாவுக்கு நிலம் இருந்தது. பிறகு நிலம் மனையாகி, அப்பா சிமென்ட் கடை வைத்தார். எங்கள் வீட்டில் யாரும் சர்ச் வாசலை மிதித்ததில்லை. பக்கத்துத் தெரு டீச்சர் சொல்லித்தான், தையல் கற்றுக்கொள்ள அந்த மடத்துக்குப் போனேன். ஆறு மாதம் இருந்துவிட்டு வந்துவிடலாம் என்பதுதான் திட்டம்.

தையற்கூடத்துக்குப் பொறுப்பு சிஸ்டர் பிலோமினா. நாகர்கோவில் பக்கம். ஒல்லி, குரல் மட்டும் கனம். பாராட்டு என்பது அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. நன்றாக இருந்தால் எதுவும் சொல்லாமல் அடுத்த துணியை எடுத்து நீட்டுவார். சரியில்லை என்றால் கத்தரிக்கோலை மேசையில் வைப்பார். அந்த 'டொக்' சத்தம் கேட்டாலே நாங்கள் தைத்ததைப் பிரிக்க ஆரம்பித்துவிடுவோம்.

முதல் வருடம் முழுக்க என் வேலை ஒன்றே ஒன்றுதான், கைக்கட்டுத் துணி. ஒருவருக்குக் குருப்பட்டம், அதாவது ஃபாதர் ஆகிற பட்டம், கொடுக்கும்போது உள்ளங்கையில் எண்ணெய் பூசி, இரண்டு கைகளையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணியால் கட்டுவார்கள். நான்கு விரல் அகலம், ஒண்ணேகால் கஜம் நீளம். பிறகு அந்தத் துணியை அவிழ்த்துப் புதுக் குருவின் அம்மாவிடம் கொடுத்துவிடுவார்கள். அம்மா அதைச் சாகும்வரை பத்திரமாக வைத்திருப்பாள். செத்தால் சவப்பெட்டியில் அவள் கைகளில் அதைக் கட்டி அனுப்புவார்கள். மேலே போனதும், 'நான் ஒரு குருவைப் பெற்றவள்' என்று காட்டுவதற்காம். இதை சிஸ்டர் சொன்ன அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதற்குப் பிறகு ஆறு மாதத் திட்டத்தை மறந்துவிட்டேன்.

அந்தத் துணிக்கு நாலு பக்கமும் கையால் மடித்துத் தைத்து, ஒரு மூலையில் சிவப்பு நூலால் சின்னதாகச் சிலுவை போட வேண்டும். இழை எண்ணிப் போடணும். மேல் கால் மூன்று இழை, கீழ்க் கால் ஐந்து இழை. எனக்கு அது யார் சொல்லித் தெரியும்? நாலு காலும் மூன்று மூன்று இழையாகப் போட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கத்தரிக்கோல் 'டொக்'.

"இது என்ன தனம்?"

"சிலுவை சிஸ்டர்."

"இது கூட்டல் குறி. கணக்கு டீச்சரா வேலைக்கு வந்திருக்கியா நீ?"

கூடமே சிரித்தது. அன்று மாலை வரை உட்கார்ந்து அத்தனையையும் பிரித்து மறுபடி போட்டேன். ஆனால் முதலில் தைத்த ஒன்று அதற்கு முன்பே ஏதோ ஒரு கட்டில் சேர்ந்து வெளியே போய்விட்டது. எங்கே போனதென்று தெரியவில்லை. பல நாள் அது என் மனதில் முள்ளாக இருந்தது.

மைட்டருக்கு என்னை ஏற்ற ஐந்து வருடம் ஆயிற்று. நாடாவைப் பற்றி நானும் அன்று கேட்டது ஸ்டெல்லா கேட்ட இதே கேள்விதான். இதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். சிஸ்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னார். "தொப்பி அப்புறம் வந்தது தனம். முதல்ல வந்ததே நாடாதான். பழைய ரோமாபுரியில பூசாரிங்க கம்பளி நூல்ல பட்டையா ஒண்ணைத் தலையைச் சுத்திக் கட்டுவாங்க. பின்னால முடிச்சுப் போட்டு ரெண்டு முனையும் தொங்கும். அதோட மிச்சம்தான் இது."

"அட, இது எங்க பரிவட்டம் சிஸ்டர்!" என்று கத்திவிட்டேன். எங்கள் ஊர் சிவன் கோவில் திருவிழாவில் அப்பாவுக்குப் பரிவட்டம் கட்டுவார்கள். அன்று முழுக்க அப்பா குனிந்து செருப்புகூடப் போடமாட்டார், முடிச்சு அவிழ்ந்துவிடும் என்று.

"ம். அதேதான். ஆனா ஒண்ணு கேளு. அந்த ஊர்ல பலி கொடுக்கிற மாட்டோட கொம்புக்கும் அதே பட்டையைத்தான் கட்டுவாங்க. மரியாதைக்கும் அதுதான், பலிக்கும் அதுதான். மைட்டர் போடுறவருக்கு முன்னால இருக்கிற ஜரிகை தெரியும். பின்னால தொங்குறது தெரியாது. அதை நாமதான் ஒழுங்கா வைக்கணும். புரிஞ்சுதா? வேலையைப் பாரு."

அவரது முறை இது. தலையை அளக்க டேப் எடுக்கக் கூடாது. டேப் மண்டையின் மேடு பள்ளத்துக்கு வளையாது. பருத்தி நூலால் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே மூன்று முறை சுற்றி, முடிச்சுப் போட்டு, பெயர் எழுதிய உறையில் வைக்கணும். எத்தனையோ ஆயர்களின் தலை எங்களிடம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது. இரண்டு நாடாவையும் ஒரே துணியில் பக்கத்தில் பக்கத்தில்தான் வெட்டணும். ஒன்றுக்குக் கீழே ஒன்றாக வெட்டினால் ஒன்று ஒருபக்கமாக முறுக்கும். நுனியில் குஞ்சலத்துக்குள், மீன்வலையில் கோக்கிற சின்ன ஈயக்குண்டுகள் நாலு. அதைப் பள்ளிக்கரணையில் மீன் பிடிக்கிற ஒருவர் கொண்டுவந்து கொடுப்பார். முடித்ததும் மைட்டரைக் கவிழ்த்த பித்தளைக் குடத்தின்மேல் வைத்து, எதிரே டேபிள் ஃபேனை மூன்றில் போட்டு, மூன்று முறை 'அருள் நிறைந்த மரியே' சொல்லணும். அதுவரை நாடா முறுக்கவோ பறக்கவோ கூடாது. அந்த ஜெபம் எனக்கு மனப்பாடமானது அப்படித்தான். இன்றைக்கும் வீட்டில் முட்டை வேகவைக்க அதையே சொல்கிறேன்.

இன்னும் இரண்டு சட்டம். குண்டூசி, பசை எதுவும் கூடாது, எல்லாம் தையல்தான். அடுத்தது, யார் தைத்தது என்று எவர் கேட்டாலும் "மடத்துல தச்சது" என்றுதான் சொல்லணும். பெயர் சொல்லக் கூடாது. முதல் சட்டத்தை நான் என்றைக்கும் மீறியதில்லை. இரண்டாவது என் தொண்டையில் சிக்கிய இட்லி மாதிரி. எத்தனை முறை விழுங்கினாலும் இறங்காது.

இனி அந்த ஒரு நாளைச் சொல்கிறேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பக்கத்துக் குரு ஒருவரை ஆயராக அறிவித்தார்கள். கோவிலம்பாக்கத்துப் பையன். அவர் அம்மா ரோசம்மா, பல்லாவரம் கல்குவாரியில் ஜல்லி உடைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்தவள். அளவெடுக்க நானே போனேன். அவருக்கு நல்ல அடர்ந்த சுருட்டை முடி. நூலைச் சுற்றும்போதே நழுவிற்று. "ஃபாதர், அபிஷேகத்துக்கு முன்னாடி முடி வெட்டுவீங்களா?" என்று கேட்டேன். "இல்லக்கா, இதே மாதிரிதான்" என்றார். அந்த முடிக்கு ஏற்றபடி தைத்தேன். வெள்ளைப் பட்டு, உள்ளே சிவப்பு. நாடா நுனியில் தங்கக் குஞ்சலம். குடத்தில் வைத்து, ஃபேனும் போட்டாயிற்று. சிஸ்டருக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது, பொறுப்பில் இல்லை. ஆனாலும் வந்து பார்த்தார். எதுவும் சொல்லாமல் போனார். எனக்கு அது போதும்.

அபிஷேகம் ஒரு பள்ளி மைதானத்தில், பந்தல் போட்டு. ஒன்பது மணிக்கு ஆரம்பம். எட்டு மணிக்கு நான் மைட்டர் பெட்டியோடு உடுப்பு மாற்றும் அறைக்குப் போனேன். கதவு திறந்தது. உள்ளே என் புது ஆயர் நிற்கிறார், பளபளவென்று மொட்டைத் தலையோடு!

"ஐயையோ! என்ன ஃபாதர் இது!"

அவர் சங்கடமாகச் சிரித்தார். "அம்மாவோட நேர்ச்சைக்கா. நாலு நாளைக்கு முன்னாடி வேளாங்கண்ணி போயிட்டு வந்தோம். உங்ககிட்ட சொல்லணும்னே தோணல."

மூலையில் நாற்காலியில் ரோசம்மா. வெள்ளைச் சேலை, மடியில் ஒரு கைப்பை. "இவனுக்கு நாலு வயசுல ஜுரம் வந்து பொழைக்கமாட்டான்னுட்டாங்கம்மா. அப்போ வேண்டிக்கினது. செமினரி, அது இதுன்னு தள்ளிப் போய்க்கினே இருந்திச்சு. நேர்ச்சைய பாக்கி வச்சிக்கினு இந்த கிரீடத்த போடக்கூடாது இல்ல? அதான் இட்டுக்கினு போய் அடிச்சிட்டேன்" என்றாள்.

மைட்டரை எடுத்து அவர் தலையில் வைத்தேன். அது நேராக இறங்கி மூக்கின் மேல் உட்கார்ந்தது. ஆயரைக் காணோம், மைட்டர்தான் நின்றுகொண்டிருந்தது. கூட இருந்த ஒரு இளம் குரு சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் சொல்கிறேன். ஆயர் அபிஷேகத்தில் தலையின் உச்சியில் எண்ணெய் ஊற்றுவார்கள். மைட்டர் அதன் பிறகுதான், எண்ணெய்த் தலையில்தான் ஏறும். பிறகு அவர் ஜனங்கள் நடுவே நடந்து எல்லாரையும் ஆசீர்வதிப்பார். மைதானத்தில் பெரிய பெரிய ஃபேன்கள் வேறு. மொட்டை, மேலே எண்ணெய், தொளதொள மைட்டர். அத்தனை ஆயிரம் பேர் முன்னால் அது கீழே விழுந்தால், அந்த மனிதரை வாழ்நாளெல்லாம் 'மைட்டர் விழுந்த ஆயர்' என்றுதான் சொல்வார்கள். ஜனங்களுக்குச் சகுனம் பார்க்கச் சொல்லியா தரணும்? அப்புறம் என் தையற்கூடம். அப்புறம் நான்.

உடுப்பு மாட்டிய ஹேங்கரில் ஸ்பாஞ்சு இருந்தது. வைத்துப் பார்த்தேன், எண்ணெய் பட்டால் வழுக்கும். டவல் தடிமன், ஒருபக்கம் மேடாகி மைட்டர் சாய்ந்தது. பீடத்துச் சின்னத் துணிகளை ஒட்டுப் போட்டால், ஒட்டு வரும் இடமெல்லாம் புடைக்கும். இளம் குரு திரும்பி வந்து, "அக்கா, டபுள் சைடு டேப் இருக்கு, ஒட்டிடலாமா?" என்றார். நான் பார்த்த பார்வையில் மறுபடி வெளியே போனார்.

அப்போதுதான் சிஸ்டர் பிலோமினா தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார். மொட்டையைப் பார்த்தார், மைட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்க அப்பாவுக்குப் பரிவட்டத்துக்கு என்ன துணி கட்டுவாங்க?" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. பரிவட்டம் தலையில் நிற்பது எதனால்? பழகிய துணி, ஒரே துண்டு, பட்டையாக மடித்து இரண்டு சுற்று. மைட்டருக்குள்ளேயே ஒரு பரிவட்டம் தைத்துவிட்டால்? பழைய துணி எண்ணெயைக் குடிக்கும், வழுக்காது. "நாலு விரல் அகலம் சிஸ்டர். ஒண்ணேகால் கஜம். ஒட்டு இல்லாம ஒரே துண்டு, பழசா, மெத்துனு இருக்கணும். இப்போ இங்க எங்க போவேன்?" என்று புலம்பினேன்.

"எங்கிட்ட ஒண்ணு கீது" என்றாள் ரோசம்மா.

கைப்பையைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதற்குள்ளிருந்து மடித்த வெள்ளைத் துணியை எடுத்தாள். ஆயர் முகம் மாறிற்று. "அம்மா, வேணாம். அது உன்னோடது. உன் பெட்டிக்கு வச்சிருக்கிறது."

அவர் குருப்பட்டம் வாங்கிய அன்று கட்டின துணி. எங்கே போனாலும் கூடவே எடுத்துப்போவாளாம். போன இடத்தில் உயிர் போய்விட்டால் கையில் கட்ட வேண்டுமே என்று.

"எனுக்குத் தெரியாதாடா? சும்மா பேஜார் பண்ணாத" என்று மகனை அதட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் விரல்கள் ஜல்லி உடைத்தே கோணிப்போனவை, துணியை விட மனம் வராமல் பிடித்திருந்தன. "ஆனா ஒண்ணும்மா. கத்திரி வைக்கக்கூடாது. இது முழுசா எனுக்குத் திரும்பி வரணும். வருமா?"

"வரும்மா" என்றேன். சொல்லிவிட்டேன். அவசரத் தையலில் ஒரு இடம் கிழிந்தால் நான் என்ன செய்வேன்? அவள் சாவுக்கு வைத்திருக்கிற ஒரே சொத்து அது.

துணியை வாங்கி விரித்தேன். மூலையில் சிவப்பு நூல், நாலு காலும் மூன்று மூன்று இழை.

அப்படியே நின்றுவிட்டேன். கண்ணில் நீர் முட்டியது, கூடவே சிரிப்பும் வந்தது. "சிஸ்டர், கூட்டல் குறி" என்று காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். அவர் உதடு லேசாகத் துடித்ததை நான் பார்த்தேன்.

"இது நான் தச்சதும்மா. என் முதல் துணி" என்றேன் ரோசம்மாவிடம்.

"அப்போ நீயே தை. இன்னாத்துக்கு அழுவுற? நேரம் ஆவுது பாரு" என்றாள்.

துணியை நீளவாக்கில் நாலாக மடித்தேன். மைட்டரின் உள்விளிம்பில் பின்பக்கம், இரண்டு நாடாவும் தொடங்குகிற இடத்தில் ஆரம்பித்து இரண்டு சுற்றுச் சுற்றினேன். பெரிய பெரிய தையல், நூலை இழுத்தால் உருவி வருகிற மாதிரி. துணியின் இழைக்குள் ஊசி பாயாமல், மடிப்புக்கு மடிப்பு. முப்பது நிமிடம். வெளியே பாட்டுக் குழு ஆரம்பித்துவிட்டது. கடைசி முடிச்சுப் போட்டு நிமிர்ந்தபோது சிஸ்டர் குனிந்து பார்த்தார்.

"கோணலா இருக்கு" என்றார். பிறகு, "இருக்கட்டும்" என்றார். இருபத்து நாலு வருடப் பழக்கத்தில் கோணலுக்கு அவர் 'இருக்கட்டும்' சொன்னது அந்த ஒருமுறைதான்.

பந்தலில் தூண் ஓரமாக நின்றுகொண்டேன். ஆயர் மண்டியிட்டார். உச்சியில் எண்ணெய் ஊற்றினார்கள், வெளிச்சத்தில் மொட்டைத் தலை மின்னிற்று. மோதிரம் போட்டார்கள். பிறகு மைட்டர். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே வந்து நின்றது. எழுந்தார், கோலைப் பிடித்தார், ஜனங்கள் நடுவே இறங்கினார். குழந்தைகள் கையை இழுத்தார்கள், கிழவிகள் மோதிரத்தை முத்தமிட்டார்கள், அவர் ஒவ்வொருவருக்கும் குனிந்து குனிந்து நிமிர்ந்தார். பெரிய ஃபேன் ஒன்றுக்கு நேராக வந்து நின்றபோது என் வாய் தானாக 'அருள் நிறைந்த மரியே' சொல்ல ஆரம்பித்தது. மூன்று முறை சொல்லி முடித்தேன். மைட்டர் அசையவில்லை. நாடா இரண்டும் முதுகில் படிந்தே கிடந்தன. பெருமை என்றால் எனக்கு அந்த நிமிடம்தான். பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி, "கிரீடம் எவ்ளோ கரெக்டா இருக்குல்ல? யார் தச்சாங்களோ" என்றாள். "மடத்துல தச்சது" என்றேன். சிஸ்டர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

முடி வளர்ந்ததும் மைட்டர் இறுக்கமாகி எங்களிடம் வந்தது. நூலை உருவித் துணியை எடுத்தேன். ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. நடுவில் மட்டும் எண்ணெய் பட்டு மஞ்சள் கோடாக ஊறியிருந்தது, தைலம் மணத்தது. துவைக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துக் கோவிலம்பாக்கம் போனேன். கறை பட்டதற்கு ரோசம்மா வருத்தப்படுவாளோ என்று வழியெல்லாம் கவலை. அவள் முகர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மொதல்ல கை எண்ணெ மட்டும் இருந்திச்சு. இப்போ தல எண்ணெயும் சேந்துகிச்சு. மேல போய்ச் சொல்ல எனுக்கு ரெண்டு சேதி கீது, பாத்தியா?" என்றாள். வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்து, சாப்பிட்ட பிறகுதான் என்னை விட்டாள்.

சிஸ்டர் பிலோமினா அடுத்த வருடமே போய்விட்டார். ரோசம்மா போன வருடம் தொண்ணூறைத் தொடும் வயதில் போனாள். அவள் வீட்டு வாசலில் பந்தல். ஆயர் அம்மாவின் கால்மாட்டில் நின்றிருந்தார். கையில் அந்தத் துணி. கட்ட முயன்றார், முடிச்சு விழவில்லை. கூட்டத்தில் என்னைப் பார்த்ததும், "அக்கா, நீங்க கட்டுங்க" என்றார்.

நான் மாடம்பாக்கத்துக்காரி, நெற்றியில் குங்குமம். யாரும் தடுக்கவில்லை. கோணிய அந்த விரல்களைச் சேர்த்துவைத்துத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். சிவப்புக் குறி மேலே தெரிகிற மாதிரி வைத்தேன். இரண்டு முனையும் சமமாகத் தொங்குகின்றனவா என்று என் கை பழக்கத்தில் இழுத்துப் பார்த்தது. பிறகுதான் அழுதேன். நன்றாகவே அழுதேன்.

ஸ்டெல்லா, நாடா எதற்கு என்று கேட்டாயே, இதற்குத்தான். அது அழகுக்குத் தொங்குவதல்ல, கட்டின துணியின் முனை. அந்தப் பார்ட்டியிடம் போய் முடியாது என்று சொல்.

அன்று ரோசம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஒரு உறவுக்காரக் கிழவி துணியைத் தொட்டுப் பார்த்து, "எம்மாம் வருசத்துத் துணி, தையல் இன்னும் விடல. யாரும்மா தச்சது?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றேன். "என் பேரு தனலட்சுமி."

சிஸ்டர் இருந்திருந்தால் முறைத்திருப்பார். முறைக்கட்டுமே.